டேப் எல்லாம் முதலாளி பேரு

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். எங்க பெருந்துறை கார்மென்ட்ஸ்ல இருக்கற எல்லா டேப்லெட்லயும், வெச்சிருக்கறவங்க பேரு ஸ்கிரீன்ல தெரியணும்.

அங்க ஐ.டி. டிபார்ட்மென்ட்டே நான் ஒருத்திதான்.

ஒவ்வொண்ணா டைப் பண்ண வேண்டாம். சாஃப்ட்வேர்ல 'பேரு'ன்னு ஒரு வேரியபிள், அதாவது காலி இடம், வெச்சு, சம்பள லிஸ்ட்டை ஏத்திட்டா அந்தந்த டேப் அந்தந்தப் பேரை எடுத்துக்கும். லிஸ்ட்டுல பேரு இல்லைன்னா டீஃபால்ட் கட்டத்துல இருக்கறதைக் காட்டும்.

எப்படித் தெரியுதுன்னு பாக்க, டீஃபால்ட்ல முதலாளி பேரைப் போட்டேன். 'பொன்னுசாமி'. ஜம்முனு இருந்துச்சு!

அந்தக் குஷியில லிஸ்ட்டை ஏத்த மறந்துபோட்டேன். எல்லா டேப்புக்கும் அனுப்பிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

திரும்பி வந்தா, தையல் லைன் சூப்பர்வைசர் சென்னியப்பண்ணன் ரெண்டு கையிலயும் டேப்பை ஏந்திட்டுப் போறாரு.

"ஏனுங்கண்ணா, எங்க போறீங்க?"

"மொதலாளி டேப் எங்கிட்ட மாறி வந்துருச்சு அம்மணி. குடுத்துட்டு வாரேன்."

"அது உங்க டேப்தானுங்க!"

"அவரு பேரு போட்டிருக்குது. நான் எப்படி அதைத் தொடறது?"

பின்னாடியே கட்டிங், அயர்னிங், பேக்கிங். வரிசையா, பவ்யமா!

முதலாளி மேசையில டேப் அடுக்கடுக்கா நிக்குது. வெளிய லாரி நிக்குது. டேப்ல ஸ்கேன் பண்ணாம ஒரு பெட்டி ஏறாது.

"ஏனுங்க அம்மணி, எனக்கு எதுக்குங்க இத்தனை? சாயங்காலத்துக்குள்ள லாரி கெளம்பலைன்னா கப்பல் நமக்காக நிக்குமுங்களா?"

எங்கூர்ல திட்டறப்பவும் 'ங்க' போடுவாங்க. அது இன்னும் வலிக்கும்.

ஓடிப்போய் லிஸ்ட்டை ஏத்தினேன். டீஃபால்ட்ல இருந்த முதலாளி பேரை அழிச்சேன். இனிமே யாராச்சும் விட்டுப்போனா டேப் எங்கிட்டயே வரட்டும்னு அங்க எம்பேரைப் போட்டேன். என்ன ஒரு மூளை!

அவங்கவங்க பேரு வந்துச்சு. அவங்கவங்க எடுத்துட்டுப் போனாங்க. லாரியும் கெளம்பிருச்சு. ஊட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கினேன்.

காலையில முதலாளி போன்.

"அம்மணி, உங்க டேப் எங்கூட்ல இருக்குதுங்க. 'கவிதா'ன்னு பேரு போட்டிருக்குது. வந்து வாங்கிக்கறீங்களா?"

சம்பள லிஸ்ட்டுல சம்பளம் குடுக்கறவரு பேரு இருக்காதுன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது.