பின்னால் போனால் மட்டும் பிடிக்கும் பிரேக்

என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு காரின் பிரேக்கைத்தான் கழற்றி மாட்டியிருக்கிறேன். அதையும் தப்பாக மாட்டினேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை. ஏனென்றால் அந்தத் தப்பு வெளியே தெரிந்த அதே நாளில், தர்மபுரி மாவட்டத்தில் எவனும் செய்யாத ஒரு காரியத்தையும் நான் செய்து காட்டினேன். (புத்தி உள்ளவன் எவனும் செய்யமாட்டான் என்பது வேறு விஷயம்.)

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தாறு வயது. சேலத்தில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஊராட்சி ஒன்றியத்தில் ரோடு ஓவர்சியராக வேலை பார்த்தேன். (மெக்கானிக்கல் படித்தவன் ரோடு போடலாமா என்று கேட்காதீர்கள். வேலை கிடைத்ததே பெரிய பாடு.) அப்பா ஒரு காண்ட்ராக்டரிடமிருந்து வாங்கிய பழைய கறுப்புக் கார் ஒன்று வீட்டில் இருந்தது. தினமும் காலையில் என் தங்கை ரீத்தாவை அவள் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அப்படியே நான் ஆபீஸுக்குப் போவேன். கார் நல்ல கார். ஆனால் வயதாகிவிட்டதால் பிரேக்கை மூன்று தடவை மிதித்தால்தான் நாலாவது தடவை நிற்கும். பள்ளிக்கூட வாசலில் நிற்கவேண்டுமானால் மாரியம்மன் கோயிலில் இருந்தே மிதிக்க ஆரம்பிப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் ரீத்தாவுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைப் பையனுக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே குமாஸ்தா உத்தியோகம். ஈஸ்டர் சமயத்தில் உறவுக்காரர் வீட்டில் ரீத்தாவைப் பார்த்திருக்கிறான். அவனுக்குப் பிடித்துவிட்டது. ரீத்தாவுக்கும் பிடித்துவிட்டது என்பது, அவள் அந்த வாரம் முழுக்க என்னோடு சண்டையே போடாததில் இருந்து எனக்குத் தெரிந்தது. பையனுடைய அப்பா அம்மா நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சர்ச்சில் கல்யாண ஓலை வாசிக்கவேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்குவதாகக் கடிதம் போட்டிருந்தார்கள். பையனுடைய அப்பா சூசைராஜ், கூட்ஸ் வண்டி ஓட்டி ரிட்டயர் ஆனவர்.

அந்தக் கடைசி விஷயம்தான் என்னைக் கெடுத்தது. முப்பது வருஷம் ரயிலை நிறுத்திய மனுஷனை, மூன்று தடவை மிதித்தால் நிற்கும் காரிலா கூட்டிவருவது? எங்கள் குடும்பத்து மானம் என்ன ஆவது? உடனே பிரேக்கை மாற்றிவிட முடிவு செய்தேன்.

“அண்ணா, உன் காலப் புடிச்சுக் கேக்கறேன். எதையாச்சும் கழட்டி இதக் கெடுத்துராத” என்றாள் ரீத்தா.

“உனக்காகத்தான் புள்ள செய்யறேன்” என்றேன். உண்மையில் பாதி எனக்காகத்தான்.

எங்கள் காரில் முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒரு சிலிண்டர்தான் உண்டு. அதுவே டிரம்முக்குள் இருக்கும் இரண்டு பிரேக் ஷூவையும் தள்ளவேண்டும். அதே கம்பெனி வேனில் ஒவ்வொரு ஷூவுக்கும் தனித்தனியாக ஒரு சிலிண்டர். சக்கரம் முன்பக்கமாகச் சுற்றும் வேகமே இரண்டு ஷூவையும் இழுத்து டிரம்மோடு சேர்த்து அழுத்தும், பிடி இரட்டிப்பாகும். இது நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய கேள்வி. சேலத்துப் பழைய இரும்புக் கடை ஒன்றில் நொறுங்கிய வேன் கிடந்தது. அதன் மூக்குக்கு எதிரே நின்று பார்த்து, என் இடது கைப் பக்கம், ஷூவும் சிலிண்டரும் மாட்டியிருந்த பிரேக் பிளேட்டில் சாக்பீஸால் ‘இடது’ என்றும், வலது கைப் பக்கம் இருந்ததில் ‘வலது’ என்றும் நானே எழுதினேன். பிறகு இரண்டையும் கழற்றிச் சாக்கில் கட்டி பஸ்ஸில் எடுத்து வந்தேன்.

இப்போது கூர்ந்து கவனித்தவர்களுக்கு என் லட்சணம் தெரிந்திருக்கும். வேனுக்கு எதிரே நின்றால் என் இடது கை, வேனுக்கு வலது பக்கம். வீட்டில் காருக்குள் உட்கார்ந்து யோசித்து, ‘இடது’ என்று எழுதியதை இடது சக்கரத்தில் மாட்டினேன்.

போல்ட் எல்லாம் சரியாக உட்கார்ந்தது. பிரேக் ஆயில் பைப் மட்டும் எட்டவில்லை; எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு முறைத்தது. பைப்பில் இருக்கும் காற்றை வெளியேற்ற, நான் மிதி என்றால் மிதித்து விடு என்றால் விடுவதற்காக டிரைவர் சீட்டில் காத்திருந்த ரீத்தா எட்டிப் பார்த்தாள்.

“எட்டலைன்னா ரெண்டையும் மாத்தி வெச்சுப் பாக்கலாமா அண்ணா?”

“டிப்ளமா நீ படிச்சியா, நான் படிச்சனா?” என்றேன். பைப்பை வளைத்து முடுக்கினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. வாசலில் தெருப்பக்கம் முழுக்கப் புளி காயப்போட்டிருந்ததால் காரை ரோட்டுக்கு எடுக்க வழியில்லை. ஷெட்டில் இருந்து பின்னால் எடுத்துத்தான் பார்க்கமுடியும். அப்பாவைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு ரிவர்ஸ் போட்டு வேகமாக எடுத்து, பிரேக்கை ஒரே ஒரு தடவை மிதித்தேன். கார் அப்படியே நின்றது. அப்பா சீட்டோடு சீட்டாக ஒட்டிக்கொண்டார்.

“அடேங்கப்பா! ஆணி அடிச்சாப்புல நிக்குதுடா!” என்றார்.

அஞ்சு தடவை பின்னால் எடுத்தேன். அஞ்சு தடவையும் ஆணிதான். ஒவ்வொரு தடவையும் ஷெட்டுக்குள் முன்னால் விடும்போது சுவருக்குப் பயந்து நடைவேகத்தில் விட்டேன். பிரேக்குக்கு வேலையே வரவில்லை. அப்பா தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, “என் மவன் மாட்டுன பிரேக்குங்க” என்றார். அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை. அவ்வளவு பெருமை.

மறுநாள் காலையில் மொரப்பூருக்குக் கிளம்பினேன். ரோடு சமதளம், போக்குவரத்தும் இல்லை. ஸ்டேஷன் வாசலில் பிரேக்கை மிதித்தால் பெடல் கல்லாக நிற்கிறது, கார் நிற்கவில்லை. இருபது கஜம் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் போய் ஓய்ந்தது. புதிதாக மாட்டிய ஷூ, இன்னும் படியவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சூசைராஜ் கையில் ஒரு டிரங்குப் பெட்டி, அவர் சம்சாரம் கையில் ஜெபமாலை. இரண்டு பேரும் நடந்து வந்து காரைச் சேர்ந்தார்கள்.

“நிழலுக்காக இங்க நிறுத்துனனுங்க ஐயா” என்றேன்.

“பிளாட்பாரம் தாண்டி நிறுத்துனா எங்க டிபார்ட்மெண்டுல மெமோ குடுப்பாங்க தம்பி” என்றார் அவர். சிரிக்கவில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். சம்பந்தம் பேசும் முன்னால் இரண்டு வீட்டாரும் பெண்ணோடு, உச்சியில் சிலுவை நட்ட குருசுமலைக்குப் போய் ஜெபம் சொல்லிவிட்டு வந்துதான் காப்பி குடிப்பார்கள். மலை என்றால் பெரிய மலை இல்லை. ஆனால் சரிவு சரிவுதான். சம்பந்தியம்மாவுக்கு மூட்டுவலி, நடந்து ஏற முடியாது. “கார் எதுக்கு இருக்குது?” என்றார் அப்பா. சூசைராஜ் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் அந்தம்மாவும் ரீத்தாவும். அப்பா வீட்டில் இருந்து பலகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

பாதி மலையில் ஆட்டுமந்தை ஒன்று குறுக்கே வந்தது. எஞ்சின் நின்றுபோய் கார் பின்னால் உருள ஆரம்பித்தது. மிதித்தேன். கார் சரிவில் அசையாமல் நின்றது.

சூசைராஜ் முதல் தடவையாக என்னை மரியாதையோடு பார்த்தார். “பிரேக்குன்னா இது பிரேக்கு. யார் செஞ்சது?”

“நான்தானுங்க. டிப்ளமா.”

கண்ணாடியில் ரீத்தாவைப் பார்த்தேன். அவள் முகம் மலர்ந்திருந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. உச்சியில் ஜெபம் முடிந்து இறங்கும்போது, அந்த நெஞ்சு நிமிர்ந்த வேகத்தில் ஸ்டைலாக இரண்டாவது கியரில் இறக்கினேன்.

முதல் வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். பெடல் கல்லாக நின்றது. கார் என்னைக் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது. இரண்டு காலையும் வைத்து மிதித்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்; கிறீச்சென்று கத்தியதே தவிர வேறு ஒத்தாசை செய்யவில்லை. சூசைராஜ் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கைத் தரையில் மிதித்துக்கொண்டிருந்தார். பின்னால் அந்தம்மா ஜெபமாலையைப் பத்துப் பத்து மணியாகத் தாண்டினார்.

“அண்ணா! ஜல்லிக் குவியல்! ஜல்லியில ஏத்து!” என்று ரீத்தா கத்தினாள்.

வளைவோரத்தில் ஒரு ஜல்லிக் குவியல் இருந்தது. அந்த மலைரோட்டை ரிப்பேர் செய்வதற்காக நான் கொட்டவைத்தது. கொட்டி மூன்று மாதம் ஆகியும், இன்றைக்கு நாளைக்கு என்று நான் வேலையை ஆரம்பிக்காததால் அப்படியே கிடந்தது. காரை அதில் ஏற்றினேன். கார் பாதி உயரம் ஏறி, பெருமூச்சு விட்டு நின்றது. அரசாங்க வேலையைத் தாமதப்படுத்தி நாலு உயிரைக் காப்பாற்றிய ஓவர்சியர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

யாருக்கும் ஒரு கீறலும் இல்லை.  ஆனால் கண்ணாடியில் ரீத்தாவின் கண்கள் நிரம்பியிருந்தன. போச்சு, என் தங்கச்சியின் கல்யாணத்தை நானே ஜல்லியில் கொட்டிவிட்டேன் என்று நினைத்தேன். 

சூசைராஜ் இறங்கினார். சக்கரத்தைச் சுற்றி வந்தார். “ஏறுறப்ப அப்படிப் புடிச்சுதே. இப்ப என்ன கேடு இதுக்கு?”

நானும் குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். ரீத்தாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். “ஏறுறப்பக் கார் பின்னால உருண்டுச்சுங்க, அதனால புடிச்சுது. நேத்து ஷெட்லயும் பின்னால எடுக்கறப்ப மட்டுந்தான் அண்ணன் மிதிச்சுது. பைப்பும் எட்டலீங்க, அண்ணன் வளைச்சுது. இடதும் வலதும் மாறிப்போச்சுங்க. இந்தப் பிரேக்கு பின்னால போனா மட்டுந்தான் புடிக்கும்.”

சூசைராஜ் அவளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். “டிப்ளமா யாரு படிச்சது?” என்றார்.

“நான்தானுங்க” என்றேன், ஈனசுரத்தில்.

“சரி. இப்ப என் சம்சாரத்தால நடக்க முடியாது. எப்படி இறங்கறது?”

“திருப்பி, பின்னாலயே இறக்கிட்டாப் போச்சுங்க” என்றாள் ரீத்தா. “அண்ணன் நல்லா ஓட்டுங்க. அது மட்டும் நெஜம்.”

எவ்வளவு திட்டினாலும் தகும் என்று நான் காத்திருந்த இடத்தில் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள். அதற்கப்புறம் நான் ஓட்டியது சாதாரண ஓட்டல் இல்லை.

ஜல்லி கொட்டிய லாரிகள் திரும்பிய இடமானதால் அங்கே ரோடு அகலம். சக்கரத்துக்குக் கல் போட்டுப் போட்டு, காரின் மூக்கை உச்சியைப் பார்க்கத் திருப்பினோம். ரீத்தா பின்சீட்டில் முட்டிபோட்டு, பின்கண்ணாடி வழியாகப் பார்த்து “லெஃப்டு... இன்னும் லெஃப்டு... நேரா வா” என்று சொன்னாள். சூசைராஜ் துண்டைக் கையில் எடுத்து, காருக்குப் பின்னால் இருபது கஜம் தள்ளி, ரயில் கார்டு கொடி ஆட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டே இறங்கினார். துண்டு நின்றால் நான் மிதிப்பேன். கார் ஆணி அடித்து நிற்கும். துண்டு ஆடினால் விடுவேன். ஒரு கல் தெறிக்கவில்லை. கடைசி வளைவில் அந்தம்மாவே ஜெபமாலையை மடியில் வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

அடிவாரத்தில் காரைத் திருப்பப் போனேன். சூசைராஜ் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். “சிக்னல் இன்னும் குடுக்கல. ரிவர்ஸ்லயே வூட்டுக்கு வுடு.”

ஒரு மைல். அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஊரே தெருவில் நின்றது. அந்த ஊருக்கு நடுவே, சம்பந்தியோடு, பின்பக்கம் முன்னால் வர, நான் கார் ஓட்டிக்கொண்டு போனேன். மொரப்பூர் பஸ் ஒதுங்கி வழி விட்டது. டீக்கடை பெஞ்சு முழுக்க எழுந்து நின்றது. ரீத்தா பின்கண்ணாடியில் இருந்து டீச்சர் தோரணையில் பிள்ளைகளை ஒதுங்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வாசலில் அப்பா சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். கார் முதுகைக் காட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து, “ஏண்டா, முன்னால ஏதாச்சும் ஆயிருச்சா?” என்றார்.

“வர்ற வழியில எல்லாம் ஆயிருச்சுங்க சம்பந்தி” என்றார் சூசைராஜ்.

அவர் சொன்ன கடைசி வார்த்தையைக் கேட்டு ரீத்தா அப்படியே நின்றுவிட்டாள். எனக்கு அவ்வளவு சீக்கிரம் விளங்கவில்லை. (கழுத்து திரும்பாததால் கவனம் எல்லாம் அதிலேயே இருந்தது.)

காப்பி குடித்தபின் அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “பொண்ணு எங்களுக்கு முழுத் திருப்தி. கல்யாணத்துக்கு இந்தக் கார்தான் வரணும். ஆனா பிரேக்கைப் பொண்ணு சொல்றாப்புலதான் மாட்டணும்.”

அடுத்த சனிக்கிழமை ரீத்தா நின்று சொல்ல, நான் படுத்து மாட்டினேன். பைப் வளைக்காமலே எட்டியது. அதற்குப்பின் ஒன்பது வருஷம் தினமும் அந்தக் காரில்தான் ஆபீஸ் போனேன். மாரியம்மன் கோயிலில் இருந்து மிதித்துவந்த காலம் போய், ஆபீஸ் வாசலிலேயே மிதித்து வாசலிலேயே நின்றேன். அந்தப் பிரேக்குக்கு ஈடான பிரேக்கை இந்த வட்டாரத்தில் எந்தக் காரிலும் நான் பார்க்கவில்லை. தற்பெருமை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். அந்த மலைரோட்டையும் அந்த மாதமே போட்டு முடித்தேன். வளைவோரத்தில் மட்டும் ஒரு குவியல் ஜல்லியை விட்டுவைத்தேன்.

கல்யாணத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறியதும் சூசைராஜ் முன்னால் வந்து துண்டைத் தூக்கினார். “முதல்ல பத்தடி பின்னால” என்றார். எடுத்தேன், மிதித்தேன், நின்றது. அப்புறம்தான் கோயிலுக்கு விட்டார். அன்றில் இருந்து இரண்டு குடும்பத்திலும் எந்தக் கல்யாணக் காரும் பத்தடி பின்னால் போகாமல் முன்னால் போனதில்லை. போன தையில் ரீத்தாவின் பேத்தி கல்யாணத்துக்கு வந்த வாடகைக் கார் டிரைவர், “எதுக்குங்க இது?” என்று கேட்டான்.

ரீத்தா என்னைக் கை காட்டினாள். “அவரு டிப்ளமா. அவரக் கேளு” என்றாள்.