வட்டம் விழுந்த கோப்புகள்

அரசுக் குடிநீர் நிறுவனத்தின் தலைவர் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். ஆய்வு அதிகாரி வர இன்னும் பத்து நிமிடம்தான்.

"சார், எழுந்திருங்க சார்," என்றாள் காரியதரிசி.

"மழை வருது... குடத்தை வை," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

சுவருக்குள் ஓடிய குழாயில் தண்ணீர் ஏதோ முணுமுணுத்தது. நீலத் திரை அசைய, அறையே குளத்தின் அடியில் கிடப்பதுபோல் இருந்தது. அங்கே நுழைந்து கொட்டாவி விடாமல் திரும்பியவர் கிடையாது.

ஏழு அரசு நிறுவனங்களில் எந்தத் தலைவர் தேறுவார் என்று பார்க்கிற ஆய்வு அது. தலைவர் போனால் காரியதரிசியும் போக வேண்டும், மலையடிவார நீரேற்று நிலையத்துக்கு. அவளுடைய மாற்றல் கோப்பு இப்போதே தயாராகி, தலைவரின் கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது.

கீழ்த்தெருவிலிருந்து வரும் டீ அம்மா சத்தமில்லாமல் நுழைந்தாள். கோப்புகளை மேலும் கீழுமாகப் புரட்டி இடம் பண்ணி, கப்பை வைத்துவிட்டுப் போனாள்.

அதிகாரி வந்துவிட்டார்.

"தலைவர் எங்கேம்மா?"

"மீட்டிங்ல இருக்கார் சார்."

"நல்லதாப் போச்சு. அவர் மீட்டிங் நடத்துற அழகைத்தான் பார்க்க வந்தேன்."

கதவைத் திறந்தார்.

"வேற யாரையும் காணோமே?"

"இது பேசாத மீட்டிங் சார். தனக்குள்ளயே நடத்துவார்."

"கண்ணை மூடிக்கிட்டா?"

"திறந்தா கண்டதும் கண்ல படுமே சார்."

அதிகாரி கோப்புகளை எடுத்தார். பாதிக்குப் பாதி தேநீர்க் கறை, வட்ட வட்டமாக.

"இதென்ன கூத்து?"

வேறு வழி தெரியாமல் அவள் தலைமைப் பொறியாளரைக் கூப்பிட்டாள்.

"அது ஐயாவோட உத்தரவு சார்," என்றார் பொறியாளர் பயபக்தியோடு. "வட்டம் விழுந்தா திரும்ப யோசிக்கணும். கீழ்த்தெருவுக்குத் தண்ணி ஏறாதுன்னு எழுதினேன். வட்டம். மாத்தி எழுதினேன், மறுபடி வட்டம். நாலாவது தடவை குழாயையே மாத்திட்டேன். இப்ப மாடி வரைக்கும் ஏறுது. மூணு வருஷத்துல ஒரு வார்த்தை திட்டினதில்ல சார்."

காரியதரிசிக்குத் தலை சுற்றியது. தூங்குகிறவர் மேசையில் கப்பு எங்கே உட்கார்ந்தால் யாருக்கு என்ன?

அதிகாரிக்குக் கண் செருகியது. கொட்டாவியை விழுங்கிக்கொண்டு சொன்னார்:

"கத்துறவர், கெஞ்சுறவர், சுவர் பூரா நோட்டீஸ் ஒட்டுறவர்னு எத்தனையோ தலைவரைப் பார்த்துட்டேன். தலைமைன்னா இதும்மா. ஏழு நிறுவனத்துக்கும் சேர்த்து இவரையே போடச் சொல்றேன். நாளைக்கே இவரை அமைச்சகத்துக்கு அனுப்பிடுங்க."

அவர் போனதும் அவள் சுவரில் சாய்ந்தாள். தேறாவிட்டாலும் மலையடிவாரம், தேறினாலும் மலையடிவாரம். தலைவர் தூக்கத்தில் சிரித்தார்.

ஆறிப்போன கப்பை எடுக்க வந்த டீ அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"எதுக்கும்மா கண்ணைக் கசக்கறே? உன் மாற்றல் ஃபைலைப் படிச்சேன், எனக்குச் சரியாப் படல. இன்னைக்குக் கப்பை அது மேலதான் வெச்சிருக்கேன்."