மிச்சம் பிடித்த வைத்தியர்

சோற்றை மிச்சம் வைத்தால் திட்டுவார். மாத்திரையை மிச்சம் வைத்தால் மெச்சுவார். மிச்ச மாத்திரை வைத்தியர் என்கிற இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. உங்கள் தெருவில் தேடினால் நாலு கிடைக்கும். ஆனால் எண்பத்தைந்தாம் வருஷம் தொப்பூர் கணவாயில் சாப்பாட்டுக் கடை நடத்திய சவுரியப்பனிடம்தான் அது முழு வளர்ச்சி அடைந்திருந்தது. படிப்பு? எட்டாவது. டாக்டர் பட்டம்? லாரிக்காரர்கள் கொடுத்தது.

கணவாய் ஏறி வருகிற டிரைவர்களில் யாராவது ஒருவர், எங்கோ ஒரு டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு மீதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிவார். அவர் கை கழுவும்போது சவுரியப்பன் பக்கத்தில் போய் நின்று, உடம்பு தேவலையா என்று விசாரிப்பார். தேவலையாம். அப்புறம் அந்தப் பாரத்தை எதற்குச் சுமப்பது? இப்படியாகப் பம்பாய்ப் பச்சையும் நாகபுரிச் சிவப்பும் விஜயவாடா மஞ்சளும் அவருடைய கண்ணாடிப் பாட்டிலுக்குள் சண்டை சச்சரவில்லாமல் குடியிருந்தன. பெயர் எதற்கு, நிறம் போதாதா? சிவப்பு காய்ச்சலுக்கு, மஞ்சள் வயிற்றுக்கு, இரண்டு நிறம் கலந்தது பெரிய வியாதிக்கு. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தவருக்கு ஒன்று, பல்வலிக்கு ஒன்று, கழிச்சல் கண்ட கோழிக்குப் பாதி. மாதா கோயில் பூசையில் சாமியார் நன்மை அப்பம் கொடுக்கிற பக்தியோடு நாக்கிலேயே வைத்துவிடுவார். காசு வாங்க மாட்டார். வாங்கியிருந்தாலாவது நாலு பேர் யோசித்திருப்பார்கள்.

அவருடைய வைத்திய சாஸ்திரத்துக்கு ஒரே விதி, வலி நின்றால் மாத்திரையும் நிற்க வேண்டும்.

"நோவு போன பொறவு எதுக்குங்க முழுங்கறீங்க? மிச்சம் பிடிங்க. இன்னொருத்தருக்கு ஆவும்."

இப்படி ஊருக்கெல்லாம் ஆன வைத்தியம் ஒரு நாள் வீட்டுக்கும் வந்தது. அவர் மனைவி ஞானமேரிக்கு வலது கைப் பெருவிரலில் அரிவாள்மணை வெட்டிவிட்டது. கடையின் அத்தனை குழம்பும் அந்தக் கையில்தான் இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் அவள். வைத்தியரைக் கட்டிக்கொண்டவள் பேசுகிற பேச்சா இது? ஒரு சிவப்பை உடைத்துத் தூளைக் காயத்தில் தூவினார், ஒன்றை விழுங்கக் கொடுத்தார். வீக்கம் வடிந்தது, நிறுத்தினார். மறுபடி வீங்கியது, மஞ்சளுக்கு மாறினார். வடிந்தது, நிறுத்தினார். மூன்றாம் தடவை வீக்கம் மணிக்கட்டைத் தாண்டி, ஞானமேரி காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்தாள். பாட்டிலில் இருந்த எந்த மாநிலமும் உதவிக்கு வரவில்லை.

தருமபுரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, இதுவரை என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார். சவுரியப்பன் நிறவாரியாக, கொஞ்சம் பெருமையாகவே ஒப்பித்தார். டாக்டரம்மா சீழை எடுத்துச் சேலத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். வந்த பதில் இதுதான்: வழக்கமாகக் கொடுக்கிற மாத்திரை எதற்கும் இந்தக் கிருமி சாவதாக இல்லை. விரலை எடுக்க வேண்டி வரலாம் என்றார் டாக்டரம்மா.

"எல்லாத்துக்கும் வைத்தியம் பாத்தேனுங்களே, எப்படிங்க சாவாம போச்சு?" என்றார் சவுரியப்பன்.

"வலி நின்னுச்சுன்னு நீங்க நிறுத்தறப்பல்லாம் நோஞ்சான் கிருமிதான் செத்திருக்கும். முரட்டுக் கிருமி தப்பிச்சுப் பெருகியிருக்கும். நீங்க மிச்சம் பிடிச்சது மாத்திரையை இல்லீங்க, கிருமியை."

சவுரியப்பன் பயந்துபோனார். அன்று முழுவதும் மனைவியின் கையைப் பார்க்கத் தைரியமில்லாமல் ஆஸ்பத்திரிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளாகத் தன்னிடம் வாங்கி விழுங்கிவிட்டுக் கணவாய் இறங்கிப் போனவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒருவர் பெயரும் அவருக்குத் தெரியாது.

வேறு ஊசி போட்டார்கள், வேறு மாத்திரை கொடுத்தார்கள். விரல் தப்பியது. ஆனால் மடங்காமல் போய்விட்டது. கரண்டி பிடிக்க ஞானமேரி மற்ற நாலு விரல்களுக்குப் புதிதாகப் பாடம் நடத்த வேண்டியிருந்தது. கடைசி மாத்திரை வரைக்கும் விழுங்கியே தீர வேண்டும் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு.

அத்தோடு திருந்தியிருப்பார் என்கிறீர்களா? இந்த இனத்தை நீங்கள் அறியவில்லை. வலி நின்ற மறுநாளே அவர் கை தானாக மாத்திரைப் பொட்டலத்தின் பக்கம் நீண்டது.

"இன்னும் நாலு கெடக்குதே மேரி. வலிதான் இல்லியே?"

ஞானமேரி அந்தப் பெருவிரலை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இத மடக்கிக் காட்டுங்க. அப்பறம் எடுத்துக்குங்க."

சவுரியப்பன் எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நீங்கள் சிரித்தது போதும். போன மழைக்காலத்தில் உங்களுக்குத் தொண்டையில் புண் வந்து, டாக்டர் எழுதிக் கொடுத்ததில் பாதியிலேயே குணமாகி, மீதியைப் பக்கத்து வீட்டம்மாளின் காய்ச்சலுக்குப் பெரிய மனதோடு எடுத்துக் கொடுத்தீர்களே. அந்த அம்மாள் இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரித்தீர்களா?