புயல் கூண்டும் கடைசி ரீலும்

இராமநாதபுரம்,
12.7.2003, சனிக்கிழமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தில் உள்ள அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம். தண்ணீர் லாரி மட்டும் நான்கு நாளாக வரவில்லை.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் கடிதத்துக்கு இஸ்திரி போட்டேன். அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. வியாழக்கிழமை அது வந்ததும் படித்துவிட்டுக் கசக்கி எறிந்திருந்தேன். எந்த ஆவணத்தையும் அழிக்கக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நடத்துகிற வரலாற்று ஆசிரியை செய்கிற காரியமா இது என்று பிறகு வெட்கம் வந்து, அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து எடுத்துவைத்தேன். இப்போது சுருக்கம் நீங்கி என் முன்னால் தட்டையாகக் கிடக்கிறது. மூன்றாவது பத்தி மட்டும் லேசாகக் கருகிவிட்டது. அது என் ஞாபகசக்தியைப் பற்றி நீங்கள் எழுதிய பத்தி.

கலை என்று சொல்லத்தக்க பத்துப் படங்களைப் பற்றி வாசகர்களிடம் கட்டுரை கேட்டிருந்தீர்கள். நானும் அனுப்பினேன். வந்தவற்றில் என்னுடையதைத் தேர்ந்தெடுத்துச் சிறப்பிதழில் பெயரோடும் படத்தோடும் போடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். நன்றி. நாற்பத்திரண்டு வயதில் முதன்முதலாக என் பெயர் அச்சில் வரப்போகிறது. கல்யாணப் பத்திரிகையை நான் கணக்கில் சேர்ப்பதில்லை, அதில் சண்முகவல்லி என்று தப்பாகப் போட்டிருந்தார்கள். ஆனால் அதே கடிதத்தில், நான் முதலிடம் கொடுத்த ‘கடலோரக் குங்குமம்’ படத்துக்கு நான் எழுதியிருக்கும் முடிவு அந்தப் படத்தில் இல்லவே இல்லை என்றும், உங்கள் உதவி ஆசிரியர் படத்தைப் பார்த்து உறுதி செய்துவிட்டார் என்றும், ‘நினைவுப் பிசகாக இருக்கலாம், சகோதரி’ என்றும், இருபதாம் தேதிக்குள் திருத்தி அனுப்பினால்தான் கட்டுரை வரும் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

திருத்த மாட்டேன்.

இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் காரணம் சொல்லாமல் மறுப்பது என் பழக்கம் இல்லை. 1976 கார்த்திகை மாதம் பாம்பன் கீற்றுக் கொட்டகையில், பெண்கள் பக்கத்து மணலில், அம்மாவுக்கு அருகில் உட்கார்ந்து அந்தப் படத்தை நான் பார்த்தேன். கதாநாயகி கமலம் பள்ளிக்கூட டீச்சர். வேலையா தாலியா என்று புருஷன் கேட்கிறான். அவள் பதில் சொல்லாமல் வாசல்படி இறங்குகிறாள். அடுத்த காட்சியில் கடல். கரையில் ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். பாட்டு இல்லை, வசனம் இல்லை, வயலின் இல்லை. கொட்டகைக்கு வெளியே அடிக்கிற காற்றும் அலையும்தான் சத்தம். தூரத்துக் கம்பத்தில் புயல் கூண்டு மெதுவாக மேலே ஏறுகிறது. பாம்பனில் பிறந்தவளுக்குப் புயல் கூண்டு தெரியாதா? அதை ஏற்றினால் வள்ளங்கள் கடலுக்குப் போகாது, அவ்வளவுதான் அதுவரை எனக்கு. அன்றைக்குத்தான் ஒரு பெண்ணுக்கு வைத்திருக்கிற கூண்டு என்று அதைப் பார்த்தேன். கட்டுரையில் இதற்கு முக்கால் பக்கம் எழுதியிருந்தேன், நீங்களே ‘நுட்பமான பார்வை’ என்று பாராட்டியிருக்கிறீர்கள். அவளைக் கூப்பிட யாரும் வரவில்லை. அவள் அழவும் இல்லை. கடைசியில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வள்ளத்தைக் கரையேற்றுகிற ஆண்களுக்கு நடுவே போய்க் கயிற்றைப் பிடிக்கிறாள். வணக்கம் என்று போட்டுவிட்டார்கள். வாயைத் திறக்காமல் இவ்வளவு சொன்ன இயக்குநர் வேறு எவர்?

அடுத்து வரும் தையில் எனக்குக் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சிக்கல் என்கிற ஊரில் மிளகாய்க் காடு. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. எங்கள் அய்யாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற கேங்மேன் வேலை, பாம்பன் பாலத்தில். நான் படம் பார்த்த மறுநாள் விடிய அவர் பாலத்திலிருந்து நனைந்துபோய் வந்தார். நான் குறுக்கே போய் நின்று, “எனக்குக் கல்யாணம் வேணாம்யா, நான் காலேசுக்குப் போகணும்” என்றேன். பெரிய சண்டைக்குத் தயாராக, முந்தானை இல்லாததால் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். “சரி, படி. இப்ப என்னயத் தூங்க விடு” என்றார். பி.யூ.சி., பி.ஏ., எம்.ஏ. எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் கிடைத்தவை. இப்போது நீங்கள் அந்த முடிவே இல்லை என்கிறீர்கள். அப்படியானால் நான் எதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றேன், சொல்லுங்கள்.

வியாழக்கிழமை மாலையே என் கொழுந்தன் குருநாதனை விட்டு அந்தப் படத்தின் சி.டி.யைத் தேடிப் பிடித்தேன். அவன் கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கிறவன், கடைக்காரர்கள் எல்லோரும் அவனுக்குப் பழக்கம். என் வீட்டுக்காரர் பூமிநாதன், அம்மா, பக்கத்து வீட்டார் இருவர் என்று வீடு நிறைய உட்கார்ந்துவிட்டோம். முதல் சி.டி. இடைவேளையில் முடிந்தது. இரண்டாவதைப் போட்டால் கமலம் வாயசைக்க, பக்கத்து ஃபேன்சி ஸ்டோர் விளம்பரம் ஒரு பட்டையாக அவள் கழுத்தின் குறுக்கே ஓடியது. அதையும் பொறுத்துக்கொண்டோம். அவள் வாசல்படி இறங்கினாள். நான் எல்லோரையும் கையமர்த்தி, இதோ கடல் என்றேன். கடல் வரவில்லை. ஆஸ்பத்திரி வந்தது. புருஷனுக்கு விபத்து. அவள் ஓடிவந்து, ராஜினாமாக் கடிதத்தை எழுதி அவன் தலையணைக்கு அடியில் வைத்து, காலில் விழுகிறாள். அவன் குங்குமம் வைத்துவிடுகிறான். நர்ஸ் உட்பட எல்லோரும் வரிசையில் நின்று சிரிக்கிறார்கள். படம் முடிந்தது. பக்கத்து வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல படம் என்றார்.

அந்த அறையில் எனக்குத் துணையாக நின்றது அம்மா பிச்சையம்மாள் ஒருத்திதான், அதுவும் வேறு காரணத்துக்காக. “இது அந்தப் படமே இல்லடி. அவ கடல்ல விழுந்துல்ல செத்துப்போனா! நான் அழுது மூக்கச் சிந்துனேன், நீ கல்லு மாதிரி ஒக்காந்திருந்த” என்றாள். ஒரே மணலில் ஒரே பாயில் உட்கார்ந்து பார்த்த இரண்டு பேருக்கு இரண்டு முடிவு என்றால் வரலாற்று ஆசிரியைக்கு அது நல்ல சகுனம் இல்லை. ஆனாலும் இருவரும் கடலைப் பார்த்திருக்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். குருநாதன் தலையைச் சொறிந்துகொண்டு, “மதினி, மொத்தமே ரெண்டு சி.டி.தான், மூணாவது கெடையாது” என்றான். வீட்டுக்காரர் நல்ல மனிதர், யாரோடும் எதற்கும் மல்லுக்கு நிற்கமாட்டார். “அந்தாளு கேக்குற மாதிரியே எழுதிட்டுப் போயேன் வள்ளி. பேரு வருதுல்ல. அவ கால்ல விழுந்தா ஒனக்கென்ன, நீயா விழுந்த?” என்றார். நான் ஏன் விழவில்லை என்று அவருக்குத் தெரியாது. அவர் கேட்டதும் இல்லை.

ஆகவே நேற்று அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தங்கச்சிமடம் போனேன். பாம்பன் கொட்டகையில் அன்று படம் ஓட்டிய சதக்கத்துல்லா மாமா இப்போது அங்கேதான் இருக்கிறார். பஸ்ஸில் என் மடியில் ஒருவர் கருவாட்டு மூட்டையை வைத்துவிட்டு உச்சிப்புளியில் இறங்கிப் போய்விட்டார், அதற்கு வாரிசு தேடி நடத்துநரோடு மண்டபம் வரை வழக்கு. போய்ச் சேர்ந்தால் மாமா இல்லை, ஏர்வாடி தர்காவுக்குப் போயிருந்தார். அவர் மனைவி ஹமீதா பானு மாமி டீ கொடுத்து உட்காரவைத்து, நான் வந்த காரியத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டார். “அவுக எந்தப் படத்தம்மா முழுசாப் பார்த்தாக? ரீலு மாத்தவே சரியாப்போயிரும். கத என்னன்னு வீட்டுக்கு வந்து என்னயக் கேப்பாக” என்றார். மாமா வந்ததும் கேட்கச் சொல்லி ஒரு தாளில் கேள்வியை எழுதி, என் வீட்டு விலாசத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். கருவாட்டு நாற்றம் இன்னும் புடவையில் இருக்கிறது.

ஆனால் எனக்கு அவருடைய சாட்சியம்கூடத் தேவையில்லை. பஸ்ஸில் திரும்பும்போதே தெளிந்துவிட்டது. இந்தப் படத்துக்கு இரண்டு முடிவுகள் எடுத்திருக்கிறார்கள். கடல் தெரியாத ஊர்களுக்கு ஆஸ்பத்திரி, எங்கள் பக்கத்துக்குக் கடல். எங்களை அழவைக்க ஆஸ்பத்திரி போதாது என்று அந்த இயக்குநருக்குத் தெரிந்திருக்கிறது. சி.டி. போட்டவர்கள் கையில் கிடைத்த முடிவைப் போட்டுவிட்டார்கள். உங்கள் உதவி ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு எனக்கு ஞாபகமறதி என்கிறார். அவர் பார்த்தது சென்னையில் மின்விசிறிக்கு அடியில். நான் பார்த்தது புயல் கூண்டு ஏறிய ஊரில். யார் சாட்சி?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் பட்டியலின் மற்ற ஒன்பது படங்களைப் பார்த்துவிட்டு என் ரசனை உயர்ந்தது என்று பாராட்டியிருக்கிறீர்கள். அவற்றில் நான்கில் நான் தூங்கிவிட்டேன். மதுரையில் படிக்கும்போது கல்லூரி ஃபிலிம் சொசைட்டியில் போட்டார்கள். ஒரு படத்தில் ஒருவர் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் கண்ணசந்து விழித்தபோதும் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்குப் போட்டதும் எல்லோரும் முகத்தை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள், நானும் இறுக்கிக்கொண்டேன். அவற்றையெல்லாம் நான் ஒப்புக்குச் சேர்த்தேன். நீங்கள் அவற்றைத் தொடவில்லை. நான் கண்ணைக் கொட்டாமல் பார்த்த ஒன்றே ஒன்றைத்தான் தப்பு என்கிறீர்கள். பார்த்தவள் எழுந்து நின்றாளா இல்லையா என்பதைத் தவிரக் கலைக்கு வேறு அளவுகோல் எனக்குத் தெரியாது. எனவே ஒரு எழுத்தும் மாற்றாமல் போடுவதானால் போடுங்கள். இல்லையென்றால் கட்டுரையைத் திருப்பி அனுப்புங்கள், தபால்தலை உள்ளே வைத்திருக்கிறேன்.

தங்கள் இதழ் இன்னும் பல ஆண்டுகள் சிறக்கட்டும். தங்கள் வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லவும். உங்கள் உதவி ஆசிரியருக்கும் ஒரு வணக்கம். அவர் ஒருமுறையாவது கார்த்திகையில் பாம்பன் வந்து போகவேண்டும்.

இப்படிக்கு, இன்னும் பிசகாத நினைவுடன்,
பூ. சண்முகவள்ளி

பின்குறிப்பு: ஞாயிறு காலை பத்தரை மணி. ஒட்டிய உறையை இட்லிப் பானை ஆவியில் காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன். சதக்கத்துல்லா மாமா வந்துவிட்டுப் போகிறார். என் தாளைப் பார்த்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறார். உட்காரக்கூட இல்லை, வாசலில் நின்றபடியே சொன்னார்.

“அது படமே இல்லம்மா. நியூஸ் ரீலு. படத்துக்கு முன்னாடி கவர்மெண்டு படம் ஒண்ணு போடுவோம்ல, அது. புயல் கூண்டு ஏத்துனா கடலுக்குப் போகாதீகன்னு மீன்காரவுகளுக்குச் சொல்றது.”

அப்போது மண்டபத்துக் கொட்டகைக்கும் பாம்பனுக்கும் சேர்த்து ஒரே பிரதிதானாம். மண்டபத்தில் ஓடி முடிந்த ரீல்கள் பெட்டி பெட்டியாக ரயிலில் பாலம் தாண்டி வருமாம். அன்றைக்கு முதல் இரண்டு பெட்டி வந்துவிட்டது. கடைசிப் பெட்டி வந்த ரயிலைக் காற்றுக்குப் பயந்து மண்டபத்திலேயே நிறுத்திவிட்டார்கள். பாலத்தில் நின்று காற்றைப் பார்த்து, ரயில் வேண்டாம் என்று சொல்லியனுப்பியவர்களில் எங்கள் அய்யாவும் ஒருவர்.

“பாதியில நிப்பாட்டுனா தட்டியப் பிரிச்சு எறிஞ்சிருவாய்ங்க. அன்னைக்கு முன்னாடி போடாம விட்ட நியூஸ் ரீலுதான் கையில இருந்துச்சு. பொம்பளையும் இருந்தா, கடலும் இருந்துச்சு. பேச்சு மட்டும் காட்டிக் குடுத்துரும்னு சவுண்ட அமத்திட்டேன், முடியவும் கொட்டகையோட வணக்கம் சிலைடப் போட்டுட்டேன்” என்றார். பிறகு, “ஒருத்தனும் கேக்கலம்மா. இருவத்தேழு வருசங்கழிச்சு நீதான் கேட்டு வந்துருக்க” என்றார். அவர் முகத்தில் மன்னிப்புக் கேட்கிற பாவனையே இல்லை.

எனவே நீங்கள் சொன்னதுதான் சரி. இரண்டு முடிவு எடுத்த இயக்குநர் யாரும் இல்லை. மௌனத்தைப் பற்றி நான் எழுதியதெல்லாம் சவுண்ட் பெட்டியின் ஒரு திருகைப் பற்றியது. முக்கால் பக்கக் கூண்டும் வானிலை எச்சரிக்கை. ‘கடலோரக் குங்கும’த்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அதோடு நான் தூங்கிய நான்கையும் அடித்துவிடுங்கள், இனி அவற்றைச் சுமக்கமாட்டேன். மிச்சம் ஐந்து. முதலிடத்தை மட்டும் வேறு எதற்கும் கொடுக்காமல் காலியாக விட்டு அச்சிடுங்கள். ஐந்து படத்துக்காகக் கட்டுரை போடமுடியாது என்றால் வேண்டாம்.

அந்த இடம் எதற்கு என்று வீட்டுக்காரரிடமோ அம்மாவிடமோ குருநாதனிடமோ நான் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைத் தபால்பெட்டியில் போடுகிறவரை உங்களிடமும் சொல்லாத மாதிரிதான். வருகிற ஞாயிறு ஆடி பிறந்து இரண்டு மூன்று நாளாகியிருக்கும், பாம்பனில் காற்றுக்குக் குறைவிருக்காது. குருநாதனுக்கு ஆடியில் கல்யாணம் எதுவும் கிடையாது, அவன் கேமரா சும்மாதான் கிடக்கும். வள்ளம் இழுக்கிறவர்கள் கரையில் எப்போதும் இருப்பார்கள். குருநாதனைச் சவுண்டை அமத்திவிடச் சொல்வேன். கரையில் நிற்கப்போவது நான்தான். உங்களுக்கு முதுகு மட்டும்தான் தெரியும்.