பதினான்காம் பாடம்: லிப்ட் நின்றால்

எங்கள் பட்டு விற்பனைக் கூட்டமைப்பின் தலைமை அலுவலகத்தில், ஊழியர்களுக்கு அறிவு புகட்டுவது என்று ஒருநாள் முடிவானது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. புகட்டப்போவது பக்கத்து மேஜைக்காரருக்குத்தான் என்று அவரவர் நினைத்துக்கொண்டோம். இதற்காகக் கணினியில் 'கற்பக இழை' என்றொரு கற்றல் தளம் ஏற்பட்டது. அதில் பாடங்களை ஒழுங்குபடுத்த ஒரு குழுவும் ஏற்பட்டது. கண்காணிப்பாளர் மயில்வாகனமாகிய நான் அதன் உறுப்பினர் செயலர்.

தளத்தை உருவாக்கியவள் ஸுபத்ரா. சின்ன காஞ்சிபுரத்துப் பெண், ஒப்பந்தப் பணி. விவரம் போதாமல், பாடங்களை வேலைக்கு உதவுகிற மாதிரி அடுக்கி வைத்திருந்தாள். லிப்ட் நின்றால் என்ன செய்வது, ஜரிகையைச் சோதிப்பது எப்படி, பில் மிஷின் மக்கர் பண்ணினால் யாரைக் கூப்பிடுவது என்று போயிற்று வரிசை. இயக்குநர் ஆனந்தகுமாரின் வரவேற்புரை எங்கேயோ அடியில் 'இதர' என்ற தலைப்பில் கிடந்தது.

குழு கூடியது.

"ஏம்மா, எனக்கு முன்னாடி லிப்டா?" என்றார் இயக்குநர்.

"லிப்ட் அடிக்கடி நின்னுடறது சார். அவசரத்துக்கு உடனே கிடைக்கட்டுமேன்னு..."

கணக்கு அதிகாரி மங்கையர்க்கரசி குறுக்கிட்டார். "உங்க பக்கத்துலயே பெருமாள் கோயில் இருக்குதேம்மா. தீர்த்தம், சடாரி யாருக்கு முதல்லன்னு ஒரு வரிசை வச்சிக்கினு இருக்காங்களா இல்லியா? அது மாதிரிதான் இதுவும்."

அடடா, என்ன தெளிவு! அப்படியே தீர்மானமாக்கினேன். முதலில் இயக்குநர் உரை, அடுத்துத் துணை இயக்குநரின் வாழ்த்துரை, பிறகு பதவிவாரியாக மற்றவர்கள். பதின்மூன்று மரியாதைகள் முடிந்ததும் பதினான்காவதாக லிப்ட்.

கொஞ்ச நாளில் ஒரு வருந்தத்தக்க உண்மை தெரியவந்தது. இயக்குநர் உரையை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் நேரே பில் மிஷினுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். உடனே, ஒன்றை முடித்தால்தான் அடுத்தது திறக்கும் என்று பூட்டுப் போட்டோம். ஊழியர்கள் உரையை ஓடவிட்டு டீ குடிக்கப் போனார்கள். ஆகவே ஒவ்வோர் உரையின் முடிவிலும் ஒரு கேள்வி வைத்தோம். பதில் தவறினால் உரை மறுபடி முதலிலிருந்து ஓடும். வரிசையை மீறிப் பூட்டைத் திறக்க, இயக்குநரின் செல்போனுக்கு வரும் எண் வேண்டும்.

"கோயில்ல தீர்த்தம் கடைசி ஆள் வரைக்கும் வந்துடும் சார். இதுல முதல் ஆளோடயே நின்னுடுமே" என்றாள் ஸுபத்ரா. அடக்கமற்ற பேச்சு என்று குறிப்பில் பதிந்தேன்.

அறிவு ஒரே இடத்தில் இருப்பதே நிர்வாகத்துக்கு அழகு என்று ஒரு சுற்றறிக்கையும் போனது. அதன்படி சுவரில் ஒட்டியிருந்த தாள்கள் அகற்றப்பட்டன. லிப்ட் அருகே மெக்கானிக்கின் பெயர், போன் நம்பர், சாவி இருக்கும் இடம் எல்லாம் எழுதி ஒட்டியிருந்ததை நானே என் கையால் கிழித்தேன்.

சிறந்த கற்றல் தளத்தைத் தேர்ந்தெடுக்கச் சென்னையிலிருந்து குழு வரும் நாள் வந்தது. நல்ல வெயில். இயக்குநர் இரண்டு இளநீர் குடித்துவிட்டு, இரண்டாம் மாடியில் அவர்களை வரவேற்க லிப்டில் ஏறினார். லிப்ட் பாதியில் நின்றது.

"மயில்வாகனம்! சீக்கிரம் பண்ணுய்யா, இளநீர் வேலை செய்யுது!"

"மெக்கானிக் நம்பர் பதினான்காம் பாடத்தில் இருக்கிறது சார்."

"தீயணைப்பு வண்டியைக் கூப்பிடட்டுமா சார்?" என்றார் மங்கையர்க்கரசி.

"சென்னைக்காரங்க வர்ற நேரத்துல வாசல்ல அந்த வண்டி நின்னா என் மானம் என்னாவறது? பாடத்தைத் தொறங்கய்யா!"

ஸுபத்ரா மடிக்கணினியோடு ஓடிவந்தாள். "உங்க செல்போனுக்கு ஒரு நம்பர் வரும் சார், அதைச் சொல்லுங்கோ."

"இங்க டவரே இல்லம்மா!"

வேறு வழியில்லை. முதலிலிருந்துதான் போக வேண்டும். எங்களில் இயக்குநர் உரையைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. இத்தனைக்கும் அவர் கேட்டபோதெல்லாம் "கண்கலங்கிட்டோம் சார்" என்று சொல்லியிருந்தோம்.

உரை ஓடியது. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து கதவைத் தட்டினார்.

"யாருய்யா அது, இந்த நேரத்துல அறுத்துக்கினே இருக்கறான்? நிறுத்தச் சொல்லு!"

"நீங்கதான் சார்."

கதவைத் தட்டுவது நின்றது.

உரை முடிந்து கேள்வி வந்தது. "இயக்குநர் அறிவை எதற்கு ஒப்பிட்டார்? விளக்கு, தறி, நாடா, கடல்."

"விளக்கு!" என்று கத்தினார்.

தவறு. உரை மறுபடி ஆரம்பித்தது.

"எழுதிக் குடுத்தது நீதானேய்யா? சொல்லித் தொலையேன்!"

அவர் பேசியதில் பாதி நான் எழுதியது, பாதி அவராகச் சேர்த்தது. எது யாருடையது என்று எனக்கு எப்படித் தெரியும்? கடல் என்றேன். அதுவும் தவறு. மூன்றாம் முறை எல்லோரும் கணினியைச் சூழ்ந்து, மூச்சுவிடாமல் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டோம்.

அந்த நேரம் பார்த்துச் சென்னைக் குழு படியேறி வந்தது. ஓர் அலுவலகமே வராந்தாவில் நின்று இயக்குநர் உரையைப் பயபக்தியோடு கேட்பதை அவர்கள் அதுவரை எங்கும் கண்டதில்லையாம். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அப்போது மின்சாரம் போய் வந்தது. லிப்டுக்கு என்ன தோன்றியதோ, தானாக இறங்கித் திறந்தது. நாங்கள் மாலையோடு கீழே ஓடினோம். இயக்குநர் எந்த மரியாதையையும் ஏற்காமல் நேரே கழிவறைக்குப் போனார்.

பரிசு எங்களுக்குத்தான்.

லிப்ட் பக்கத்தில் மறுபடியும் ஒரு தாள் ஒட்டலாமே என்று ஸுபத்ரா கேட்டாள். பரிசு வாங்கிய தளம் இருக்கும்போது தாள் ஒட்டுவது பரிசுக்கே அவமானம் என்று குழு மறுத்துவிட்டது. அதோடு, பரிசுக்காக நடந்த பாராட்டு விழாவின் உரைகளையும் தளத்தில் முன்வரிசையில் சேர்த்தோம்.

"எதுக்கு சார் நன்றியுரை வேற?" என்றாள்.

"நன்றி சொல்லாமல் ஒரு விழா முடியுமா அம்மா?" என்றேன். அந்த விழாவில் நன்றியுரை ஆற்றியவன் நான். நன்றாகத்தான் பேசினேன், நீளம் கொஞ்சம் கூடுதல்.

இதை நான் பாதியில் நின்றுபோன லிப்டுக்குள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இயக்குநரின் செல்போன் அணைந்திருப்பதால் வெளியே பாடம் நடக்கிறது. இயக்குநர் உரையை எப்படியோ கடந்துவிட்டார்கள். என் உரையும் இப்போதுதான் முடிந்தது.

"சார்," என்கிறாள் ஸுபத்ரா கதவுக்கு அப்பாலிருந்து. "நன்றியுரையில மொத்தம் எத்தனை பேருக்கு நன்றி சொன்னேள்?"

முப்பத்தொன்று என்கிறேன்.

அவள் அதைக் கணினியில் தட்டும் சத்தம் கேட்கிறது. பிறகு, என் குரலே கணீரென்று கேட்கிறது: "அனைவருக்கும் வணக்கம்."