ஷார்ப் இல்ல, என் தப்பு

சினிமாவில் சண்டை போடாத ஆள் கிடையாது. ஆனால் எல்லோரும் தங்கள் மேல் தப்பில்லை என்று நிரூபிக்கத்தான் சண்டை போடுவார்கள். தப்பு தன்னுடையதுதான் என்று நிரூபிக்க ஒரு யூனிட்டையே எதிர்த்து நின்ற ஒரே பிறவி, எனக்குத் தெரிந்து, எங்கள் டேப் அக்காதான்.

நான் அப்போது உதவி இயக்குநர். அதாவது கிளாப் அடிப்பதும் திட்டு வாங்குவதும் என் பொறுப்பு. படப்பிடிப்பு திருவண்ணாமலையில். டேப் அக்காவுக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். கேமரா டீமில் ஃபோகஸ் புல்லர். நடிகர் முன்னே வந்தாலும் பின்னே போனாலும் முகம் மங்காதபடி லென்ஸைத் திருப்பிக்கொண்டே இருக்கிற வேலை. சரியாகச் செய்தால் ஒருவருக்கும் தெரியாது. கொஞ்சம் பிசகினால் தியேட்டருக்கே தெரியும். கையில் லென்ஸைத் திருப்பும் ரிமோட் இருந்தாலும் இடுப்பில் ஓர் அளவு டேப் தொங்கும். அதை இழுத்து அளக்காமல் எதையும் நம்ப மாட்டார். டிபன் வரிசையில் நிற்கும்போதுகூட இட்லிக் குண்டானைப் பார்த்து "ஏழடி" என்பார். யாராவது சிரித்தால் அளந்தே காட்டுவார். பெரும்பாலும் ஏழடிதான் இருக்கும். இல்லாத அன்று "என் தப்பு" என்று குண்டானிடமே சொல்லிவிடுவார்.

முதல் நாளே ஹீரோவின் கண்ணுக்கு நேராக டேப்பை நீட்டினார். ஹீரோ பாம்பைப் பார்த்தவர் மாதிரி பின்னால் சாய்ந்தார். புரொடக்‌ஷன் மேனேஜர் ஓடி வந்தார்.

"இன்னாம்மா இது, சார் மூஞ்சில குத்தற?"

"குத்தலிங்க, அளக்கறேன். மூக்கு வரைக்கும் அளந்தா மூக்குதான் பளிச்சுனு தெரியும், கண்ணு மங்கிடும். சாருக்கு மூக்கே போதும்னா சொல்லுங்க, டேப்ப சுருட்டிக்கினு போறேன்."

ஹீரோ தானாகவே கண்ணை நீட்டினார்.

கிரிவலப் பாதையில் நடந்தது அதைவிட மோசம். ஹீரோ வந்து நிற்க வேண்டிய இடத்தில் அக்கா சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு லென்ஸ் எடுக்கப் போனார். கிரிவலம் வந்த ஓர் அம்மா அதை மிதிக்காமல் ஒதுங்கிப் போனார். பின்னால் வந்தவர் அதைப் பார்த்துவிட்டு அங்கே கற்பூரம் ஏற்றினார். அவருக்குப் பின்னால் ஒரு கூட்டமே கைகூப்பி நின்றது. ஹீரோவுக்கு நிற்க இடமில்லை. மேனேஜர் கூட்டத்தை விரட்டக் கிளம்பினார். அக்கா குறுக்கே புகுந்தார்.

"அவங்கள இன்னாத்துக்கு விரட்டறீங்க? சாமி கும்புட வர்ற வழில கோடு போட்டது நானு. என் தப்பு. வேற எடத்துல போடறேன்."

போட்டார். அதற்கும் கற்பூரம் வந்தது. கடைசியில் ஹீரோ கற்பூரத்தின் பக்கத்திலேயே நின்று நடித்தார். இரண்டு பேர் அவரையும் சேர்த்துக் கும்பிட்டதில் மேனேஜருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் ஏழுமலையின் முகம் மாட்டியது. ஏழுமலை வேங்கிக்காலில் ஆட்டோ ஓட்டுபவர். ஹீரோவை இறக்கிவிடும் ஆட்டோக்காரராக அவரையே நடிக்க வைத்தோம். ஒரே ஒரு குளோசப், ஒரே வசனம்: "மலைய பாத்துக்கினே போங்க சார், வழி தப்பாது." அதற்காக அவர் மனைவி பட்டுப்புடவை கட்டி, தெருவையே திரட்டிக்கொண்டு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

ஏழுமலை பிரமாதப்படுத்திவிட்டார். வசனத்தைச் சொல்லும்போது யாரும் கேட்காமலே கண் கலங்கியது. டைரக்டர் "ஓகே!" என்று துள்ளினார். வேங்கிக்காலே கை தட்டியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல்.

"ஷார்ப் இல்ல சார். என் தப்பு. இன்னொண்ணு போலாம்."

பேசும்போது ஏழுமலை கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்கிறார். அக்கா திருப்பக் கொஞ்சம் தாமதமாகியிருக்கிறது. டைரக்டர் மானிட்டரைப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு?"

"இந்தப் பொட்டில நல்லாத்தான் இருக்கும். தேட்டர்ல அவரு மூஞ்சி வெந்த உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும்."

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. மேனேஜருக்குப் பொறுமை போனது.

"ஆட்டோக்காரன் மூஞ்சிதானேம்மா, ஹீரோ மூஞ்சியா? கம்மியா தெரிஞ்சா இன்னா கொறஞ்சிடும்? பேக்கப்!"

அதுவரை அக்கா கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. லென்ஸைக் கழற்ற வந்தவரை விலக்கிவிட்டுக் கேமராவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"ஹீரோவுக்கு இன்னும் நூறு குளோசப் இருக்குது. இவருக்கு இது ஒண்ணுதான். நான் கெடுத்தத நான்தான் சரி பண்ணணும். லென்ஸ்ல எவனும் கை வெக்கக்கூடாது."

"அப்ப நாளைலேர்ந்து நீ வர வேணாம்!"

"நாளைக்குத்தானே? இன்னிக்கு இருக்கேன்ல. இன்னொண்ணு போங்க சார்."

டைரக்டர் மலையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். மலையே நகர்ந்தாலும் அக்கா நகர மாட்டார் என்று தெரிந்துபோனது. இன்னொன்று எடுத்தோம். பயத்தில் ஏழுமலைக்குக் கண்ணீர் வரவில்லை. ஆனால் அக்காவை ஒரு தடவை பார்த்துவிட்டு, கடைசி வெளிச்சத்தில் ஒரு சிரிப்புச் சிரித்தார். மறுநாள் அக்காவுடைய இடத்தில் வேறொருவர் வந்தார்.

படம் வெளிவந்தபோது திருவண்ணாமலைத் தியேட்டரில் ஏழுமலை குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். திரை நிறைய அவர் முகம் வந்தது. மீசையில் நரைத்த முடிகளை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. அவர் மனைவி எழுந்து நின்று விசில் அடித்தார். சத்தியமாக அடித்தார். ஹீரோவுக்குக்கூட அப்படி ஒரு விசில் விழவில்லை. ஏழுமலை கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பின் வரிசையிலிருந்து ஒரு கை என் தோளைத் தட்டியது. டேப் அக்கா. டிக்கெட் எடுத்து வந்திருக்கிறார்.

"காது கொஞ்சம் சாஃப்டு சார், மங்கிடுச்சு. என் தப்பு."

காது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் திரையே மங்கலாகத்தான் தெரிந்தது. அதைச் சொன்னால் அதற்கும் "என் தப்பு" என்று வரிந்து கட்டிக்கொண்டு வந்துவிடுவார் என்பதால், பேசாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.