ஊசி உடைந்தால் என்ன செய்ய வேண்டும்?

படித்தவர்களின் முட்டாள்தனத்துக்கு ஒரு தனி அழகு உண்டு. அதற்கு விளக்கமும் கூடவே இருக்கும். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அந்த அழகை வீட்டுக்குக் கொண்டுவந்தவளும் நானே.

அவிநாசிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்திருந்தேன். (கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன்.) அங்கே அம்மா பதினெட்டு வருடமாக, துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் டெய்லர்.

தையல் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து அட்டையில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு குழந்தைச் சட்டையோடு போய்விட்டால் ஆர்டரே போய்விடும். இதை மேனேஜர் மைக்கில் கத்துவார், டெய்லர்கள் கொட்டாவி விடுவார்கள். நானோ கற்றல் பற்றி நாலு புத்தகம் படித்தவள். காதால் கேட்டது ஒட்டாது, நினைவிலிருந்து தோண்டி எடுத்தால்தான் ஒட்டும். ஆகவே அடிக்கடி சின்னத் தேர்வு வை, மதிப்பெண் போடாதே என்று அவற்றில் இருந்தது. பாதியைச் செய்தேன்.

“மார்க் இல்லாம என்னம்மா டெஸ்ட்டு? லிஸ்ட்ட ஒட்டுங்க” என்றார் மேனேஜர்.

“சரிங்க சார்” என்றேன்.

தாளைக் கொடுத்தபோது அம்மா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். கேள்விகளை நான் வாய்விட்டுப் படித்திருக்கலாம். படித்தால், ட்ரெய்னர் மேடத்தின் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது வெளியே வந்துவிடுமே! மின்விசிறியை ஆராயத் தொடங்கினேன். திரும்பி வந்த தாளில் அவள் பெயர் மட்டும் இருந்தது. அந்த எழுத்துகளை அவளுக்குப் பழக்கியவள் நான்தான்.

பூஜ்யம். பட்டியலில் கடைசிப் பெயர், என் கையெழுத்துக்கு நேர் மேலே.

கடைசிப் பத்துப் பேரை மிஷினிலிருந்து எழுப்பி, டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு மாற்றினார் மேனேஜர்.

அந்த வாரமே முதல் மதிப்பெண்காரரின் ஊசி உடைந்தது. “அக்கா, ஒரு துண்டக் காணோம்க்கா!” என்று அவர் ஓடியது அம்மாவிடம். அம்மா காந்தத்தை எடுத்து மிஷினுக்கு அடியில் விட்டுத் துழாவி, துண்டோடு எழுந்தாள்.

அம்மாவை மறுபடி மிஷினில் உட்காரவைக்கச் சொல்லி மேனேஜர் முன் போய் நின்றேன்.

“லிஸ்ட்டு நீங்க போட்டதுதானுங்களே?” என்றார், மரியாதை சற்றும் குறையாமல்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம், “எல்லாருக்கும் தெரிஞ்சிருமேன்னுதாம்மா...” என்று இழுத்தேன்.

“எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு லைன்ல யாருக்குத் தெரியாது? நீ சங்கடப்படுவியேன்னுதான் நானும் வாயத் தொறக்கல.”

இப்போது கேள்விகளைப் படித்துக் காட்டுகிறேன், மதிப்பெண் கிடையாது. அம்மா இன்னும் கைமடிதான். “சோறு ஆச்சாம்மா?” என்று கேட்டால், “வாயில சொல்லோணுங்களா, எழுதித் தரோணுங்களா, மேடம்?” என்கிறாள். அப்பா வயிறு குலுங்கச் சிரிக்கிறார். நானும் சிரித்து வைக்கிறேன்.